செடியின் ஆயுளைப் பார்த்து வீட்டுத் தோட்டம் அமைப்பது எப்படி: பூ, மூலிகை, காய்கறி

வீட்டுத் தோட்டம் போட நினைக்கிறவர்களில் பெரும்பாலோர் விதைப் பொட்டலத்திலிருந்து தொடங்குகிறார்கள். பத்து வகைக் காய்கறி விதைகளையும் நான்கைந்து பூச்செடிகளையும் வாங்கி வந்து, கண்ணில் பட்ட இடத்தில் எல்லாம் ஊன்றி, அனைத்துக்கும் ஒரே குழாயால் ஒரே அளவு தண்ணீர் விடுகிறார்கள். சில மாதங்களில் மல்லிகையின் வேர் அழுகியிருக்கும், கொத்தமல்லி வாடியிருக்கும், வெண்டைக்கு மேல் முருங்கையின் நிழல் விழுந்திருக்கும். விதையிலோ உரத்திலோ இதற்குக் காரணம் தேடுவது வீண். 25 நாளில் பறித்து முடிக்கும் சிறுகீரையையும், ஐந்தாறு மாதம் காய்க்கும் கத்தரியையும், பத்து ஆண்டுக்கு மேல் பூக்கும் மல்லிகையையும், ஒரு தலைமுறைக்கு இலை கொடுக்கும் கறிவேப்பிலையையும் ஒரே பாத்தியில் கலந்து வைத்ததுதான் காரணம். ஆயுள் மாறும்போது வேரின் ஆழமும், தண்ணீரின் தேவையும், எரு கேட்கும் காலமும் சேர்ந்தே மாறுகின்றன. ஆகவே இடத்தை முதலில் செடிகளின் ஆயுளை வைத்துப் பிரித்துக்கொண்டால், பிறகு செய்ய வேண்டிய வேலைகளில் பாதி தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

இங்கே சொல்லப்படுவன தமிழ்நாட்டுச் சமவெளியில், வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் அளவு வெற்றிடம் உள்ள ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவன. மாடியில் பைகளிலும் தொட்டிகளிலும் வளர்ப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். உதகை, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களின் பருவமும் பயிரும் வேறு என்பதால் அவை இதில் சேரா.

வெயிலும் இடமும்

காய்கறிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரைக்கு நான்கு மணி நேரம் போதும். புதினா, வல்லாரை, கனகாம்பரம் ஆகியவை அதற்கும் குறைந்த வெயிலில் நன்றாகவே வளரும். இடத்தில் வெயில் எங்கே எவ்வளவு நேரம் விழுகிறது என்பதை ஒரு நாள் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்த்துக் குறித்துக்கொள்வது முதல் வேலை. ஆனால் ஒரு நாள் பார்த்தது ஆண்டு முழுவதும் செல்லாது. சித்திரையிலும் ஆவணியிலும் நம் தலைக்கு நேர்மேலே செல்லும் சூரியன் மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடுகிறது. அந்த மாதத்தில் 10 அடி உயரச் சுவர் நண்பகலிலேயே வடக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 7 அடி தூரத்துக்கு நிழல் விழச் செய்யும். கோடையில் பார்த்துவிட்டு, வீட்டின் வடபுறச் சுவரை ஒட்டித் தக்காளிப் பாத்தி அமைத்தவர்கள், தக்காளிக்கு மிக உகந்த மாதங்களில் அது நிழலில் கிடந்து வெளிறுவதைக் காண்பதற்குக் காரணம் இதுதான்.

ஆண்டுக்கணக்கில் வாழும் செடிகளை எல்லையோரமாகத் தள்ளிவிட வேண்டும். கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, மல்லிகை, வேலியில் படரும் தூதுவளை, பிரண்டை ஆகியவற்றை ஒருமுறை நட்டபின் அந்த இடத்தைக் கொத்திப் புரட்டும் தேவை வராது. முருங்கைக்கு வடக்கு மூலை ஏற்றது. அங்கே அதன் நிழல் பாத்திகளின் மேல் விழாது, எளிதில் ஒடியும் அதன் கிளைகள் வீட்டுக் கூரைமேலும் விழா. பந்தலை மேற்கு ஓரத்தில் அமைத்தால், மாலை மூன்று மணிக்கு மேல் அடிக்கும் கடும் வெயிலை அது தடுத்து நடுப்பாத்திகளைக் காக்கும். சில மாதப் பயிர்களான கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை ஆகியவற்றுக்கு நடுவிடம். கீரையும் கொத்தமல்லியும் சமையலறைக் கதவுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். தினமும் பறிக்கும் பொருளைத் தோட்டத்தின் கோடியில் வைத்தால் மழை நாளில் யாரும் அங்கே போக மாட்டார்கள். பறிக்காத கீரை முற்றிப் பூத்துவிடும்.

பாத்தியின் அகலம் மூன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. இரு பக்கத்திலிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும், மண்ணை ஒருபோதும் மிதிக்கக் கூடாது என்பதே கணக்கு. வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஊர்களில் பாத்தியை அரையடி உயர்த்தி மேட்டுப்பாத்தியாக அமைப்பது, ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் மூழ்காமல் காக்கும்.

மண்ணைத் தயார்செய்தல்

புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றியுள்ள மண்ணை நம்ப முடியாது. செங்கல் துண்டும் சிமென்டுக் கலவையும் சுண்ணாம்பும் புதைந்த மண் காரத்தன்மை ஏறியிருக்கும். அதில் நட்ட செடிகள், எவ்வளவு எரு போட்டாலும், இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும் இரும்புச்சத்துக் குறைபாட்டைக் காட்டும். மல்லிகையில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அத்தகைய இடத்தில் பாத்திக்கு ஓர் அடி ஆழமும், நீண்டநாள் செடிகளுக்கு ஒன்றரை அடிக் குழியும் தோண்டி, இடிபாடுகளை அகற்றிவிட்டுச் செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் சரிபாதி கலந்து நிரப்புவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

கையில் ஈரமண்ணை உருட்டிப் பார்த்தால் அதன் தன்மை தெரியும். உருண்டையாகி, அழுத்தினாலும் உடையாமல் நசுங்கினால் களி மிகுந்தது. அதற்கு மணலும் மக்கிய எருவும் வேண்டும். உருளவே மறுத்தால் மணல் மிகுந்தது. அதற்கு எருவும், கழுவி உப்பு நீக்கிய தேங்காய் நார்க்கழிவும் வேண்டும். நூறு சதுர அடிப் பாத்திக்கு நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு மூட்டை, வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ என்பது தொடக்கத்துக்குப் போதுமான அளவு. பச்சைச் சாணத்தை நேரே பாத்தியில் போடுவது வேரைச் சுடுவதோடு, வேர் தின்னும் வெள்ளைப்புழுவையும் வரவழைக்கும்.

நேரம் இருப்பவர்கள் முதல் பயிருக்கு முன் சணப்பு, தட்டைப்பயறு, கொள்ளு, கம்பு, எள் என்று வீட்டில் கிடைக்கும் தானியங்களைக் கலந்து நெருக்கமாக விதைத்து, 45 முதல் 50 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். பல தானிய விதைப்பு என்று இயற்கை வேளாண்மையில் பெயர்பெற்ற இம்முறை, இரண்டு மூட்டை எருவை விலைக்கு வாங்கிக் கொட்டுவதைவிட மேலான பலனைத் தரும் என்பது என் எண்ணம். பயறு வகைகளின் வேர்முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதோடு, பல ஆழங்களில் இறங்கிய வேர்கள் மக்கும்போது மண்ணுக்குள் காற்றுப் போகும் வழிகளும் உண்டாகின்றன.

மாடியில் வளர்ப்பவர்கள் செம்மண்ணை மட்டும் பையில் நிரப்பினால் அது இறுகும், எடையும் கூடும். செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது மக்கிய எரு ஒரு பங்கு என்ற கலவை பொதுவாகப் பொருந்தும். பைகளைத் தளத்தின்மேல் நேரே வைக்காமல் செங்கல்லின்மேலோ இரும்புச் சட்டத்தின்மேலோ தூக்கி வைத்தால், தளத்தில் ஈரம் தங்காது.

பட்டம்

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்பதை அனைவரும் அறிவர். ஆனால் அது எல்லா விதைக்கும் பொதுவானது என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை நேர்கிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரையான ஆடியில் வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, பந்தல் காய்கள், அவரை ஆகிய அனைத்தையும் தொடங்கலாம். பந்தல் அவரைக்கு ஆடி கட்டாயமே என்று சொல்லலாம். நம் நாட்டுப் பந்தல் அவரை வகைகள் பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் படர்ந்து பருத்து மார்கழி, தை மாதங்களில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். தையில் விதைத்தால் கொடிதான் ஓடும், காய் வாராது. ஆண்டு முழுவதும் அவரை வேண்டுமென்றால் செடி அவரையை நாட வேண்டும்.

தக்காளிக்குப் புரட்டாசி முதல் கார்த்திகை வரை நாற்று விடுவது சிறந்தது. பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேலும், இரவுச் சூடு தணியாமலும் இருக்கும் மாதங்களில் தக்காளிப் பூவின் மகரந்தம் கெட்டு, பூக்கள் காயாகாமல் உதிரும். சித்திரையில் பூ உதிர்கிறது என்று மருந்து தேடி அலைவதில் பயனில்லை. கொத்தமல்லியும் அப்படித்தான்: ஐப்பசி முதல் தை வரை இலை தரும் அது, கோடையில் சாண் உயரம் வருமுன்னே பூத்துவிடும். தைப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, பூசணி, பாகல், புடல் ஆகியவை நன்றாக வரும். இஞ்சியையும் மஞ்சளையும் சித்திரை, வைகாசியில் ஓரளவு நிழல் விழும் இடத்தில் ஊன்றிவிட்டால், மஞ்சள் கொத்தைப் பொங்கல் பானைக்குக் கட்ட வீட்டிலிருந்தே எடுக்கலாம்.

கீரையும் மூலிகையும்

தோட்டம் போடத் தொடங்குபவர் முதலில் விதைக்க வேண்டியது கீரையே. சிறுகீரை, முளைக்கீரை இரண்டும் 25 முதல் 30 நாளில் வேரோடு பறிக்கத் தயாராகும். அரைக்கீரையை ஒருமுறை விதைத்து, 25 நாளில் முதல் வெட்டு எடுத்தபின், பத்து நாளைக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே இரண்டு மூன்று மாதம் ஓட்டலாம். கீரை விதை மிகச் சிறிது என்பதால் அதைவிடப் பத்து மடங்கு மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். விதையை மண்ணால் கனமாக மூட வேண்டாம். கையால் மேல்மண்ணைத் தடவிவிட்டுப் பூவாளியால் தண்ணீர் தெளித்தால் போதும். எறும்பு விதையைத் தூக்கிச் செல்லாமலிருக்கப் பாத்தியைச் சுற்றி நொய்யரிசியைத் தூவி வைப்பது பழைய வழக்கம். எறும்பு நொய்யைச் சுமக்கும் இரண்டு மூன்று நாளில் கீரை முளைவிட்டுவிடும். முழுப் பாத்தியையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் முற்றிவிடுமாதலால், மூன்றாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளியில் விதைக்க வேண்டும்.

கொத்தமல்லி விதையைத் தரையில் போட்டுச் செருப்பாலோ கட்டையாலோ மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, அரை நாள் ஊறவைத்து விதைக்க வேண்டும். ஒரு காய்க்குள் இரண்டு விதைகள் இருப்பதால் உடைக்காமல் விதைத்தால் முளைப்பு தாமதமாகும். 40 நாளில் பறிக்கலாம். வெந்தயம் இன்னும் எளிது. அஞ்சறைப்பெட்டியில் இருப்பதையே தூவினால் மூன்று வாரத்தில் கீரை கிடைக்கும். சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் முற்றிய தண்டுகளை எடுத்து, கணு மண்ணுக்குள் போகும்படி படுக்கவைத்து நட்டால் ஒரு வாரத்தில் துளிர்க்கும். ஆனால் அதைத் தனித் தொட்டியில்தான் வைக்க வேண்டும். பாத்தியில் விட்டால் தரையோடு தண்டு ஓடிப் பக்கத்துச் செடிகளின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பொன்னாங்கண்ணியையும் இலை ஆய்ந்தபின் எஞ்சும் தண்டைக் கொண்டே வளர்க்கலாம். ஈரம் தங்கும் இடம் அதற்கும் வல்லாரைக்கும் ஏற்றது. கற்பூரவல்லிக்கும் துளசிக்கும் அவ்வளவு தண்ணீர் ஆகாது. துளசியில் பூங்கதிர் வரும்போதே கிள்ளிக்கொண்டிருந்தால் இலை பெருகும். இரண்டு கதிர்களை மட்டும் விட்டுவைத்தால் தேனீ வரும். அந்தத் தேனீ பந்தலுக்கு வேண்டியிருக்கிறது.

கறிவேப்பிலையைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பழத்திலிருந்து எடுத்த விதை சில நாட்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால் பழுத்த உடனே விதைக்க வேண்டும். அல்லது முதிர்ந்த மரத்தின் அடியில் வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பெயர்த்து நடலாம். முதல் ஆண்டில் இலை பறிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, செடி மூன்றடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் கிளம்பும். அதன்பின் இலையை ஒவ்வொன்றாக உருவாமல், கிளையையே கத்தரியால் வெட்டி எடுப்பதுதான் செடிக்கு நல்லது. வெட்டிய இடத்திலிருந்து புதுத் துளிர்கள் வரும். இலையை மொட்டையடிக்கும் பச்சைப் புழு பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழுதான். இரண்டு மூன்று இருந்தால் கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும். புளித்த மோரைத் தண்ணீர் கலந்து தெளிப்பதும் வேரில் ஊற்றுவதும் நம் வீடுகளில் வழிவழியாகச் செய்யப்படுவது.

நாற்றும் நடவும்

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் நேரடியாகப் பாத்தியில் விதைக்கக் கூடாது. குழித்தட்டிலோ, அடியில் துளையிட்ட பழைய டப்பாவிலோ நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, முளைக்கும்வரை நிழலிலும் முளைத்தபின் இளவெயிலிலும் வைக்க வேண்டும். இளநாற்றுகள் தரைமட்டத்தில் அழுகிச் சாய்வது மிகுதியான ஈரத்தால் வரும் பூஞ்சாண நோய். ஒரு கிலோ கலவைக்கு நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நன்மைப் பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா விரிடியை ஒரு தேக்கரண்டி கலந்துவைத்து, மேல்மண் காய்ந்தபின் மட்டும் தண்ணீர் தெளித்தால் அதைத் தவிர்க்கலாம். தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 40 நாளிலும் நடவுக்கு ஆயத்தமாகும். மாலையில்தான் நட வேண்டும். காலையில் நட்ட நாற்று வேர் ஊன்றுமுன் ஒரு முழு நாள் வெயிலைத் தாங்க நேரும்.

கத்தரிக்கு இரண்டடி, தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒன்றரை அடி, வெண்டைக்கு ஓரடி இடைவெளி விட வேண்டும். நடும்போது இவ்வளவு வெற்றிடமா என்று தோன்றும். இரண்டு மாதம் கழித்து அந்த எண்ணம் மறைந்துவிடும். நான்கு பேர் கொண்ட வீட்டுக்குக் கத்தரி ஐந்து, தக்காளி எட்டு, மிளகாய் நான்கு செடிகள் போதும். வெண்டை மட்டும் இருபதுக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் விதைத்த 45 நாளில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கும் அதில், நாலைந்து செடியிலிருந்து ஒரு வேளைக் குழம்புக்குக்கூடக் காய் சேராது. கத்தரியில் உள்ளூர் வகையைத் தேடி நடுவது சிறப்பு. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. விரலில் முள் குத்தினாலும் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதற்கு ஈடு சொல்வது கடினம்.

தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்டி, தரையைத் தொடும் அடியிலைகளை நீக்க வேண்டும். காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குவது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது; பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாமலில்லை, ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாகத் தண்ணீர் விடுவதுதான் அதைத் தடுக்கிறது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டு உடனே பலன் எதிர்பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஓடு கரைய மாதக்கணக்காகும். சீராகத் தண்ணீர் விடுவது ஒரு வாரத்தில் பலன் தரும். கத்தரி ஐந்தாறு மாதம் காய்த்து ஓய்ந்ததும் பிடுங்கிவிடாமல் தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டி எருவிட்டால் மறுதாம்புத் துளிர்த்து மீண்டும் காய்க்கும். அதுவும் முடிந்தபின், அதே இடத்தில் தக்காளியோ மிளகாயோ வைக்கக் கூடாது. மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் அடுத்ததற்கும் தொற்றும். கொத்தவரையோ செடி அவரையோ கீரையோ அங்கே வர வேண்டும்.

பந்தல்

ஆறரை அடி உயரத்தில் மூங்கிலும் நைலான் கயிறும் கொண்டு அமைத்த பந்தல், ஒரு சுரையையும் இரண்டு பீர்க்கையும் இரண்டு பாகலையும் தாங்கும். விதையை ஓரிரவு ஊறவைத்து, குழிக்கு மூன்றாக ஊன்றி, முளைத்தபின் வலுவான ஒன்றை மட்டும் விட வேண்டும். கொடி பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, எட்டியதும் நுனியைக் கிள்ளினால் படர்ந்து பெண்பூக்கள் மிகும்.

பூக்கிறது, காய்க்கவில்லை என்பதே பந்தல் வைத்தவர்களின் பொதுக் குறை. இக்கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. முதல் சில நாட்களில் ஆண்பூக்கள் மட்டுமே வரும், உதிரும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. பெண்பூவின் அடியில் பிஞ்சு தெரியும். பிஞ்சோடு பூ பழுத்து உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண்பூவின் நடுவே மெல்லத் தேய்த்தால் காய் பிடிக்கும். வேளைதான் முக்கியம்: பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றின் பூக்கள் விடியற்காலையிலும், பீர்க்கு, சுரை ஆகியவற்றின் பூக்கள் மாலையிலும் விரிகின்றன. சுரைப்பூவை மறுநாள் நண்பகலில் தேய்த்தால் காரியம் நடக்காது. பிஞ்சு பிடித்தபின் பழ ஈ குத்தாமலிருக்க, பாகலுக்கும் பீர்க்குக்கும் காகித உறை போடலாம், அல்லது பழ ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றைத் தோட்டத்தில் தொங்கவிடலாம். குத்துப்பட்டு அழுகிய காய்களை அங்கேயே போடாமல் ஆழப் புதைக்க வேண்டும்.

பூச்செடிகள்

மல்லிகைக்குக் கவாத்துதான் உயிர். புதுத் துளிரில்தான் அது மொட்டுவிடும் என்பதால், நவம்பர் கடைசியில் தண்ணீர் விடுவதைச் சில நாள் நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்டி, எஞ்சிய இலைகளை உருவி, தூரைக் கொத்தி, செடிக்கு ஒரு கூடை எரு இட வேண்டும். வெட்டக் கை நடுங்குகிறவர்களின் மல்லிகைதான் புதராக வளர்ந்து பத்துப் பூ பூக்கிறது. துணிந்து வெட்டியவர்களுக்கு மாசி, பங்குனி முதல் ஆனி வரை மொட்டு நிற்காது. முல்லைக்குக் கவாத்து ஜனவரி கடைசியில். வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விட்டால் போதும். கீரைப் பாத்தியின் பக்கத்தில் மல்லிகையை வைக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். இலை மஞ்சளித்தால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்புச்சத்து உப்பு) கரைத்து இலையில் தெளிக்கலாம். சூடுவதற்குப் பறிப்பதானால், மொட்டு பருத்து வெளுத்திருக்கும் பிற்பகலில் பறித்துத் தொடுத்தால் மாலையில் தலையில் விரியும்.

கனகாம்பரம் அரைநிழலில் ஆண்டு முழுவதும் பூக்கும். டெல்லிக் கனகாம்பரம் விதை பிடிக்காத வகையாதலால் தண்டை வெட்டி நட்டே பெருக்க வேண்டும். செவ்வந்தி நீண்ட இரவு வந்தால்தான் மொட்டு வைக்கும். வாசல் விளக்கின் ஒளி இரவு முழுவதும் படும் இடத்தில் வைத்தால் கார்த்திகை வந்தும் இலையாகவே நிற்கும். செண்டுமல்லியின் வேர் மண்ணிலுள்ள நூற்புழுவைக் குறைப்பதோடு, தக்காளியைத் தாக்கும் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியைத் தன் மொட்டுக்கு ஈர்த்துக்கொள்ளும். தக்காளி நாற்றைவிடப் பதினைந்து நாள் மூத்த செண்டுமல்லி நாற்றைப் பாத்தி ஓரத்தில் வைத்தால், இரண்டும் ஒரே காலத்தில் பூத்து அந்த வேலை நடக்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி எளிதில் அடையும் என்பதால், அதைக் கத்தரியிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். அரளி பூசைக்கு உகந்த பூ என்றாலும் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில், அதிலும் கீரை பறிக்கும் பாத்தியின் அருகில், அது வேண்டாம்.

தண்ணீர், எரு, பூச்சி

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் தேவையில்லை. கீரைக்கு நாள்தோறும் சிறிதளவும், காய்கறிக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நன்றாகவும், எல்லையோரச் செடிகளுக்கு வாரம் ஒருமுறை ஆழமாகவும் விடுவது பொது வழக்கு. காய்ந்த இலையையோ வைக்கோலையோ மூன்று அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினால், கோடையில் இந்த இடைவெளிகளை நீட்டலாம். அரிசி கழுவிய தண்ணீர் எந்தச் செடிக்கும் ஆகும். பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீரைப் பாத்திக்கு விடாமல், வாழைக்கும் கல்வாழைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டி அனுப்பிவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள கடலோர ஊர்களில் பாலக்கீரையும் பீட்ரூட்டும் தாக்குப்பிடிக்கும், பீன்ஸ் வகைகள் தாங்கா.

எருவைப் பொறுத்தவரை, 15 நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி வீதம் பஞ்சகவ்யம் தெளிப்பதும், கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து காய்கறிச் செடிகளின் வேரில் ஊற்றுவதும் போதும். அதற்குமேல் சத்து ஏற்றினால் இலை கொழுத்து, சாறு உறிஞ்சும் பூச்சியான அசுவினி தேடி வரும்.

பூச்சிக்கு முதல் மருந்து காலையில் ஒரு சுற்று சுற்றி வருவது. கத்தரியின் நுனித் தண்டு மட்டும் தொங்கிச் சாய்ந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. அந்த நுனியை வெட்டி அழித்துவிட்டால் அது காய்க்குப் போகாது. வெண்டை இலையில் நரம்பு மஞ்சளாகித் தேமல் படர்ந்தால், அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. அந்தச் செடியைக் காப்பாற்ற வழியில்லை, உடனே பிடுங்கி எரிப்பதே மற்றவற்றைக் காக்கும். மஞ்சள் வண்ணம் பூசிய தகட்டில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ அதில் ஒட்டும். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதே பாதி வேலையை முடிக்கும். மீதிக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை ஒரு லிட்டர் தண்ணீரில் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து அடிக்கலாம். புழுக்களுக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து தெளிப்பது சிறந்தது. எதுவானாலும் மாலை வெயில் தாழ்ந்தபின்தான் தெளிக்க வேண்டும். காலையில் தெளித்தால் பூவுக்கு வரும் தேனீயும் சாகும், வெயிலில் இலையும் கருகும்.

விதை எடுத்தல்

நாட்டு வகைகளாக வைத்திருந்தால் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க வேண்டியதில்லை. கத்தரியிலும் தக்காளியிலும் பெரும்பாலும் தன் மகரந்தமே சேர்வதால் வகை கலப்பது குறைவு; நடுப்பருவத்தில் நன்றாகக் காய்த்த செடியில் ஒரு காயை முழுக்கப் பழுக்கவிட்டு, சதையைப் பிசைந்து ஓரிரவு புளிக்கவைத்துக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். வெண்டையைச் செடியிலேயே காயவிட்டு, வெடிக்கும் முன் எடுத்துவிடலாம். சுரை, பீர்க்கு வகைகள் பக்கத்து வீட்டுக் கொடியோடும் கலந்துவிடும். தூய விதை வேண்டுமென்றால், விரிவதற்கு முன்னரே ஒரு பெண்பூவையும் ஓர் ஆண்பூவையும் நூலால் கட்டிவைத்து, விரியும் வேளையில் அவிழ்த்துக் கையால் மகரந்தம் சேர்த்து, மீண்டும் பெண்பூவைக் கட்டி, அந்தக் காயை மட்டும் அடையாளமிட்டு முற்றவிட வேண்டும். உலர்ந்த விதையைச் சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி, காற்றுப் புகாத புட்டியில் போட்டு, வகையையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டி வைக்கலாம். கீரை விதைக்கு மட்டும் ஒரு செடியைப் பாத்தி ஓரத்திலேயே முற்றவிட்டால் போதும்; கதிரைத் தட்டி எடுத்ததுபோக உதிர்ந்தது அடுத்த மழையில் தானே முளைக்கும்.